கணினி வயப்படும் இளைஞரை அளந்தறிதல்

(நம் சங்கத்தின் ஸ்ரீபெரும்புதூர்க் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினிக்கும் கைப்பேசிக்கும் அடிமைப்பட்ட இளைஞரைக் கண்டறிவது எங்ஙனம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் எமக்குக் கட்டளையிட்டிருக்கின்றார்கள். எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் எம்மை இப்பொருளுக்கு அழைத்தது எற்றுக்கோ என்று முதற்கண் மயங்கினோம். பின்னர்க் கல்விக் கமிட்டியின் முன்னுள்ள தீர்மானத்தின் படி எமக்கு வந்தபோது காரணம் விளங்கிற்று. வருகின்ற கல்வியாண்டு முதல் நம் சங்கத்தின் உபகாரச் சம்பளத்திற்கும் மாணவர் விடுதிக்கும் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் இருபது வினாக்கள் அடங்கிய தாளொன்று கொடுக்கப்பெறும். அதில் 50-ம் அதற்கு மேலும் எண் பெறுவோர்க்குச் சம்பளமும் இல்லை, விடுதியில் இடமும் இல்லை என்பது அத்தீர்மானம். தாளை எண்ணிட்டுக் கணக்கிடுவோர் ஆசிரியராதல் வேண்டும் என்பதும் அதன்கண் உளது. எம்மை அழைத்தது அதுகொண்டே போலும்.

இத்தீர்மானத்தைக் கொணர்ந்த அன்பரின் நோக்கத்தை யாம் குறைகூறோம். விடுதியில் நள்ளிரவு கடந்தும் போர்வைக்குள் ஒளிவீசும் கைப்பேசிகளை அவர் கண்டிருக்கின்றார். பலருடைய உழைப்பிற் சேர்ந்த பணம் படிப்பில் மனஞ் செல்லாதாரிடம் போய்ச் சேர்தல் ஆகாது என்பது அவர் கவலை. அக்கவலையில் நாம் அனைவரும் பங்குடையோம். ஆயின் அவர் கைக்கொண்ட கருவி அவ்வேலைக்கு உரியதன்று என்பதே யாம் ஈண்டுக் கூற வந்தது.

கருவியைப்பற்றிப் பேசுமுன் நம்மவர் வாழும் இப்பகுதியின் நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஏரிப் பாய்ச்சலும் நெல்வயலுமாக இருந்த ஊர்கள் இவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியாக் கைப்பேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பெற்றது. அதனால் வேலையிழந்த பெண்மக்கள் எத்துணையர் என்பது இவ்வவையிலுள்ள தாய்மார்க்குத் தெரியும். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை தொடங்கிற்று. அதன்பின் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாயின. இன்று சுங்குவார்சத்திரத்தை அடுத்துள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன்கள் கோக்கப்படுகின்றன. உலகத்தார் கையில் ஏந்தித் திரியும் கைப்பேசிகளுள் ஒரு பகுதி நம் தங்கையரும் மகளிரும் கைபடச் செய்தவை. அப்பொருளை நஞ்சென்று வெறுத்தல் நமக்குக் கூடாது. அதனால் உண்டு உடுத்து வாழ்கின்றோம்.

காலை 6 மணிக்கு ஒரு ஷிப்டு, பகல் 2 மணிக்கு ஒரு ஷிப்டு, இரவு 10 மணிக்கு ஒரு ஷிப்டு என ஆலைகள் பல ஓய்வின்றி ஓடுகின்றன. இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய தந்தை பகலெல்லாம் உறங்குவார். தாயும் வேலைக்குச் செல்பவராயின் பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது அவர் ஆலையிலிருப்பார். ஓரறை வீட்டில் தந்தை உறங்குகையில் ஓசைப்படாதிருக்கவேண்டிய பிள்ளைக்குக் காதிற் செருகுங் கருவியும் கைப்பேசியும் அன்றி வேறு விளையாட்டு யாது? தெருவிற் பந்தாடலாமெனின் அங்கே டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. பிள்ளை அமைதியாயிருத்தல் வேண்டும் என்று அப்பொருளை அதன் கையில் வைத்தவர் நாமே.

அதுவுமன்றி, 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் மூடப்பெற்ற பள்ளிகள் இடையிற் சில வகுப்புகளுக்குச் சில நாள் திறந்து மீண்டும் மூடி, 2021 செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கும், நவம்பர் 1-இல் ஏனைய வகுப்புகளுக்கும் திறந்தன. அவ்விடைக்காலத்திற் கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பாடம் இல்லை என்னும் நிலை பல இடங்களில் இருந்தது. கடன்பட்டுக் கைப்பேசி வாங்கிய வீடுகளை யாம் அறிவோம். அன்று தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் இருந்தோரே இன்று விடுதிக்கு விண்ணப்பிக்கின்றனர். பள்ளியே கொடுக்கச் செய்த பழக்கத்தை, பள்ளி திறந்தபின் குற்றமென்று அவர்மேல் ஏற்றுகின்றோம்.

நிற்க. ஆங்கிலத்தார் 'அடிக்ஷன்' என்று வழங்குஞ் சொல்லை நாம் 'அடிமைத்தனம்' என்று பெயர்த்து வழங்குகின்றோம். பெயர்ப்பு பொருந்தாததன்று. பண்டை உரோமர் நாட்டில், வாங்கிய கடனைத் தீர்க்கமாட்டாதவனை நீதிபதி கடன்கொடுத்தவனிடம் ஒப்படைப்பார். அங்ஙனம் ஒப்படைக்கப்பட்டவனுக்கு 'அடிக்டஸ்' என்று பெயர். அச்சொல்லின் வழிவந்ததே இது. ஆயினும் இவ்வூரில் நின்று அச்சொல்லை வழங்க எமக்கு நாக்கூசுகின்றது. 1017-இல் உடையவர் திருவவதாரஞ் செய்த பூதபுரி இது. அடியேன் என்றும் அடிமை என்றும் சொல்லிக்கொள்வதைப் பேறாகக் கருதிய பெரியோர் வாழ்ந்த ஊரில், பதினைந்து வயதுப் பையனை நோக்கி 'நீ அடிமை' என்று இகழ்தல் சொல்லுக்கும் இழுக்கு, பையனுக்கும் இழுக்கு. 'வயப்படுதல்' என்று தமிழில் ஒரு சொல் உண்டு. தன்வயத்தனாக இருந்தவன் பிறிதொன்றன் வயத்தன் ஆதல் அதன் பொருள். நோயின் இலக்கணமும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடத்தலின் யாம் அதனையே ஆளுவோம். இது பண்டிதர் பிடிவாதம் என்பார் என்க.

இனி அவ்விருபது வினாக்களின் வரலாறு கேண்மின். 1995-இல் நியூயார்க்கு நகரத்து மனநோய் மருத்துவர் ஐவன் கோல்ட்பெர்க் என்பார், தம் துறையினர் எதனையும் நோயென வகுத்துப் பட்டியலிடுதலை எள்ளி நகையாடும் பொருட்டு, 'இணைய வயப்படு நோய்' என ஒன்றைக் கற்பனை செய்து அதற்குக் குறிகளும் எழுதி வைத்தார். நகைக்கென எழுதியதைப் படித்தோருட் பலர் தமக்கு அந்நோய் உண்மையாகவே உளதெனக் கூறிவந்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் கிம்பர்லி யங் என்னும் உளநூல் அம்மையார் அதனை மெய்யாகவே ஆராயப் புகுந்து, சூதாட்ட நோய்க்கு மருத்துவர் வகுத்த குறிகளையே இணையத்திற்கு ஏற்ப மாற்றி எட்டு வினாக்கள் ஆக்கினார். 1998-இல் தாம் வெளியிட்ட நூலில் அவற்றை இருபதாக விரித்தார். அவ்விருபதே நம் தீர்மானத்துட் புகுந்தவை. ஒவ்வொரு வினாவிற்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண். ஆகவே மிகக் குறைந்தது 20, மிகுந்தது 100. 49 வரை இயல்பு. 50 முதல் 79 வரை அவ்வப்போது இடர்ப்படுவோர். 80-ம் அதற்கு மேலும் பெரிதும் இடர்ப்படுவோர் என அவ்வம்மையார் வகுத்தார். நம் தீர்மானமோ 50-லேயே கதவை அடைக்கின்றது. கருவியைச் செய்தவரே நோயின் முதிர்வென்று கூறாத இடத்தில் நாம் தண்டனை வைத்திருக்கின்றோம்.

வினாக்களையும் நோக்குமின். மனைவி அல்லது கணவனோடு கூடியிருத்தலினும் இணையத்தில் இருத்தலை விரும்புகின்றாயா என்னும் கருத்தமைந்த வினா ஒன்று உளது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதற்கு என்ன விடை எழுதுவான்? அதனைத் திருத்தும் ஆசிரியர் எவ்வாறு எண்ணிடுவார்? வேறொரு வினா, செய்யவேண்டிய வேலையை விட்டு முதலில் மின்னஞ்சலைப் பார்க்கின்றாயா என்பது. நம் பிள்ளைகள் மின்னஞ்சல் என்பதனை விண்ணப்பம் அனுப்பும்போது மட்டுமே நினைக்கின்றனர். அலுவலகத்தில் உன் வேலை கெடுகின்றதா என்பது மற்றொன்று. இருபத்தைந்து ஆண்டுகட்கு மேலாயின இவ்வினாக்கள் பிறந்து. மேசைமேற் கணினி வைத்துத் தொலைபேசிக் கம்பியால் இணையத்தை எட்டிய அமெரிக்கரை, அவருள்ளும் வயதுவந்தோரை, மனத்துட்கொண்டு எழுந்தவை. மதிப்பெண் குறைகின்றதா, உறக்கம் கெடுகின்றதா, வீட்டு வேலையைப் புறக்கணிக்கின்றாயா என்பன போன்ற நல்ல வினாக்களும் அவற்றுள் உள, அவற்றைத் தள்ளவேண்டுவதில்லை. பெற்றோர் விடையளிக்கும் வகையில் அவ்வம்மையாரே வேறோர் இருபது வினாக்களும் அமைத்திருக்கின்றார். ஆயின் பிள்ளை விழித்திருக்கும் நேரத்திற் பெற்றோர் ஆலையிலிருக்கும் வீடுகளில் அதற்கும் விடை கூறுவார் யார்?

2013-இல் கொரிய நாட்டார் இளைஞரின் கைப்பேசிப் பழக்கத்திற்கென்றே பத்து வினாக்கள் ஆக்கினர். அது நம் பிள்ளைகளின் நிலைக்கு நெருங்கியது. அதில் ஆண்பிள்ளைகளுக்கு 31, பெண்பிள்ளைகளுக்கு 33 என எல்லை வகுத்தனர். ஓரெல்லை ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக வேறுபடுதலே, அது கணக்கினால் இடப்பட்ட கோடு என்பதையும், கோட்டின் இப்புறத்தில் நலமும் அப்புறத்தில் நோயும் வேலியிட்டு நிற்பதில்லை என்பதையும் காட்டும்.

நம் உறுப்பினருள் வாகன உறுப்பு செய்யும் ஆலைகளில் வேலைசெய்வோர் பலர். அவர்களிடம் யாம் கேட்டறிந்த செய்தி ஒன்று இவ்விடத்திற்கு மிகப் பொருந்தும். துளையின் அளவு சரியா என்று பார்க்கக் 'கோ-நோகோ கேஜ்' என்றொரு கருவி உண்டாம். ஒருமுனை துளையிற் புகவேண்டும். மறுமுனை புகுதல் ஆகாது. எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை, நொடியில் முடிவு. ஆயின் அக்கேஜ் அந்தத் துளைக்கென்றே செய்தது. வேறொரு துளைக்கு அதனை எடுத்தால் மேற்பார்வையாளர் பொறுக்கமாட்டார். அக்கேஜும் தேய்ந்துவிட்டதா என்று குறித்த காலத்திற்கொருமுறை அளந்து சான்று ஒட்டுவராம். ஐயத்திற்கிடமான உறுப்பை உடனே உருக்குலைக்கு அனுப்பாமல் தனித்தட்டில் வைத்து மறுமுறை பார்ப்பராம். சரிசெய்யத்தக்கதாயின் 'ரீவொர்க்' என்று திருப்பியனுப்புவராம். இரும்புத் துண்டுக்கு இத்துணை நியாயம் வழங்கும் நாம், நம் பிள்ளைக்கு அமெரிக்க நாட்டில் வேறொரு துளைக்குச் செய்த கேஜை எடுத்து, ஒருமுறை செருகிப் பார்த்து, 'ரிஜெக்ட்' என்று சிவப்புத் தட்டிற் போடலாமோ?

கணக்கு ஒன்று சொல்லுவோம். இது யாம் எடுத்துக்காட்டாகக் கொண்ட கணக்கேயன்றி எவரும் எண்ணிக் கண்டதன்று. நூறு பிள்ளைகள் விண்ணப்பிக்கின்றனர் என்க. அவருள் உண்மையில் வயப்பட்டோர் ஐவர் என்க. தாள் மிக நல்லதாய், அவ்வைவருள் நால்வரைப் பிடித்துவிடுகின்றது. எஞ்சிய தொண்ணூற்றைவருள் பத்துப் பேரை மட்டும் தவறாகப் பிடிக்கின்றது. பிடிபட்டோர் பதினால்வர், அவருள் நோயுடையார் நால்வர், நோயில்லார் பதின்மர்! நோய் அருகிய இடத்தில் எந்த வடிகட்டுந் தாளும் இவ்வாறே செய்யும். மருத்துவர் இதனை அறிவர். ஆதலின் வடிகட்டுந் தாளை அவர் வாயிற்காவலனாக வைப்பரேயன்றி நீதிபதியாக வையார். தாளில் எண் மிகுந்தவரை அழைத்துத் தனியே பேசி ஆராய்ந்த பின்னரே நோயுண்டு இல்லையென்பர்.

இன்னும் பெரிய குறை ஒன்று உளது. மருத்துவர் முன்னிலையில் ஒருவன் தன் நிலையை உள்ளவாறே உரைப்பான், என்னை? உரைத்தாற் பிணி தீரும் என்று நம்புகின்றான். உரைத்தால் உபகாரச் சம்பளம் போய்விடும் என்றறிந்த பிள்ளை உள்ளவாறு உரைப்பானோ? 'இரவில் உறக்கங் கெட விழித்திருக்கின்றேன்' என்று நேர்மையுடன் எழுதியவன் இடமிழப்பான். 'ஒருபோதும் இல்லை' என்று எழுதியவன் இடம் பெறுவான். 2013-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் இணைய விளையாட்டு நோயை மேலும் ஆராயத்தக்கது என்று பின்பகுதியில் வைத்து, அதற்கு ஒன்பது குறிகள் எழுதினர். எவ்வளவு நேரம் ஆடுகின்றேன் என்பதை வீட்டாரிடத்தும் பிறரிடத்தும் மறைத்துப் பொய் கூறுதல் அவ்வொன்பதனுள் ஒன்று. ஆகவே நோய் முற்றியவன் பொய்யிலும் தேர்ந்தவனாதலின் நம் தாளில் எளிதிற் கரையேறுவான், மெய்யன் அகப்படுவான். சங்கத்தின் பணத்தைக் காக்க இட்ட வேலி, திருடனை விட்டு வழிப்போக்கனைப் பிடிப்பதாக முடியும்.

அற்றேல், நோயே இல்லையென்கின்றீரோ என வினவின், அங்ஙனம் யாம் கூறிற்றிலேம். உலகச் சுகாதாரப் பேரவை 2019 மே மாதத்தில் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலின் பதினோராம் திருத்தத்தில் 'விளையாட்டுக் கோளாறு' என்பது இடம்பெற்றுள்ளது. கணினியில் இருத்தல் நோய் என்று அதிற் கூறவில்லை. படம் பார்த்தலும் அரட்டையும் அதில் இல்லை. திரையில் ஆடும் விளையாட்டு ஒன்றே கூறப்பெற்றது. அதற்கு முந்தைய இடத்தில் வைக்கப்பெற்றது சூதாட்டக் கோளாறு. குறிகள் மூன்று. ஆட்டத்தை எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்பதில் தன்வயம் இழத்தல். ஏனை விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் ஆட்டம் விழுங்கி முன்னிற்றல். கேடு விளைவதைக் கண்டும் விடாது தொடர்தல். இம்மூன்றும் சேர்ந்து, குடும்பம், கல்வி, நட்பு முதலியவற்றைப் பெரிதும் சிதைத்து, பொதுவாகப் பன்னிரண்டு திங்கள் நிலைத்திருத்தல் வேண்டும். மிகக் கடுமையாயின் அக்காலம் குறையலாம். மணிக்கணக்கு என்பது இம்மூன்றனுள் எங்கும் இல்லை என்பதை நோக்குமின்.

புகழேந்தியாரின் நளவெண்பாவைப் படித்தோர்க்கு இது புதிதன்று. நளன் எத்தனை நாழிகை ஆடினான் என்று நாம் கணக்கிடுவதில்லை. அமைச்சர் தடுத்தும் கேளாதவனாய், நாடும் செல்வமும் ஒவ்வொன்றாக அகல்வதைக் கண்டும் எழாதவனாய் இருந்தான்; அதனாலன்றோ அவனைக் கலி பற்றினான் என்கின்றோம். கலி நீங்கியபின் அவனே நல்லரசன் ஆயினான் என்பதும் கதையில் உளது. அதனை நாம் மறந்துவிடுகின்றோம். திருக்குறளிலும் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, அதனையடுத்து வைக்கப்பெற்றது மருந்து. அதிகார வைப்புக்குக் காரணம் தேடுதல் எம் தொழிலாதலின் இவ்வளவேனும் கூறாதிருக்க இயலவில்லை, பொறுத்தருள்க.

மணிக்கணக்கு எத்துணை மயக்கும் என்பதற்கு யாம் அறிந்த மாணவர் இருவரைக் கூறுவோம். ஒருவன் நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் திரைமுன் இருப்பவன். பெற்றோர் அஞ்சி அவனை அழைத்து வந்தனர். அவனோ கணினியில் எந்திர உறுப்புகளின் வரைபடம் வரையத் தானே கற்றுக்கொண்டிருந்தான். உணவுக்கு அழைத்தால் எழுந்து வந்தான். மாலையிற் கபடியும் ஆடினான். மற்றொருவன் இரண்டு மணிநேரத்திற்கு மேற் கைப்பேசியைத் தொடான் என்று அவன் தாய் பெருமையுடன் கூறினார். அவ்விரண்டு மணி நள்ளிரவு 1 முதல் 3 வரை என்பது அவருக்குத் தெரியாது. அவன் முதற்பாட வேளையில் உறங்கினான், நண்பரை விட்டான், ஆட்டத்தில் தோற்ற நாளில் எவரோடும் பேசான். முன்னவனுக்குத் தாளில் எண் மிகுதியாதலும், பின்னவனுக்குக் குறைதலும் கூடும். கைப்பேசியே காட்டும் மணிக்கணக்கும் நம் வீடுகளிற் பயன்படாது. தந்தை பார்த்த படம், தங்கை எழுதிய வீட்டுப்பாடம், இவன் ஆடிய ஆட்டம் எல்லாம் ஒரே கருவியில் ஒரே கணக்காக விழுகின்றன.

கடிகாரத்தால் இதனை அடக்க முயன்ற அரசுகளும் உண்டு. கொரியாவில் 2011-இல் ஒரு சட்டம் செய்து, பதினாறு வயது நிரம்பாதார் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என்றனர். பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுக்கு மாறினர். அது அச்சட்டத்திற்குப் புறத்தே நின்றது. பத்தாண்டு கழிந்து 2022 தொடக்கத்தில் அதனைக் கைவிட்டனர். சீனத்தில் 2021 முதல் பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒருமணி நேரமே இசைவு. நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜியும், 2022 பிப்ரவரியில் பிரீ ஃபயரும் தடைசெய்யப்பெற்றன. வேறு காரணத்தாலாயினும் பெற்றோர் மகிழ்ந்தனர். ஒன்று போக மற்றொன்று வந்ததை அவர்களே கண்டனர். பணம் வைத்தாடும் ஆட்டம் வேறு. தமிழ்நாட்டில் அதற்கெதிரான சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுமைக்கும் தடைச்சட்டம் இயற்றிற்று. தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து சிறுசிறு தொகை கரைவதாயின் வினாத்தாள் எதற்கு? கணக்குப் புத்தகமே சான்று. அன்றே விசாரித்தல் வேண்டும்.

ஆயின் பின்னை எதனை அளப்பது? கைப்பேசி எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதனை அளத்தல் வேண்டும். உறக்கம், உணவு, ஆட்டம், நட்பு, பாடம், வீட்டாரோடு பேச்சு என்னும் இவற்றுள் எது குறைந்தது, எப்போதிருந்து குறைந்தது என்று பாருங்கள். பிள்ளையும் உடனிருந்து, அவன் கையாலேயே ஒரு நாட்குறிப்பு எழுதட்டும். உறங்கிய நேரம், எழுந்த நேரம், கைப்பேசியில் என் செய்தான், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினானா, நிறுத்தியபின் மனம் எப்படியிருந்தது என்பன போதும். பிற ஊரார்க்கு ஒருவாரக் குறிப்புப் போதுமாகலாம். நம் ஊரில் தந்தையின் ஷிப்டு வாரந்தோறும் மாறும் வீடுகளில் மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வருமளவும், அஃதாவது 21 நாள், எழுதுதல் வேண்டும். இரவு ஷிப்டு வாரத்தில் மட்டும் பழக்கம் மிகுமாயின் அது பிள்ளையின் நோயன்று. வீட்டின் நேர ஒழுங்கு. அதற்கு மருந்து வேறு: அண்டை வீட்டார் ஒருவர் மாலையில் இரண்டு மணிநேரம் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டாலே பாதி குறையும்.

முன்னது எது, பின்னது எது என்பதையும் ஆராய்க. வகுப்பில் இழிவுபடுத்தப்பட்ட பிள்ளை, மனச்சோர்வுற்ற பிள்ளை, பெற்றோர் பூசலுக்கு அஞ்சிய பிள்ளை, ஒன்றில் மனம் நிலைக்கமாட்டாத இயல்புடைய பிள்ளை ஆகிய இவர்கள் திரைக்குள் ஒதுங்குகின்றனர். அத்திரையைப் பிடுங்கினால் ஒதுங்கிடம் போகும், துன்பம் போகாது. பிடுங்கிய இரவில் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒரு பிள்ளை கூறுமாயின் அதனை அச்சுறுத்தல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அன்றிரவே அருகிருந்து, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபர் 10-இல் அரசினர் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழிற் பேசலாம், கட்டணமில்லை. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மருத்துவர் உளர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் 2014 முதல் இதற்கெனவே ஒரு தனிப்பிரிவு நடைபெறுகின்றது.

தாய்மார்க்கு ஒரு சொல். நம் வீடுகளிற் பையன் ஐந்து மணிநேரம் ஆடினால் 'விளையாட்டுப் பிள்ளை' என்கின்றோம். பெண்பிள்ளை ஒருமணி நேரம் கைப்பேசியை நோக்கினால் அவள் ஒழுக்கத்தை ஐயுறுகின்றோம். இது நோயை அளக்கும் அளவையன்று. அவளுக்கு வினாத்தாள் கொடுத்து 52 என்று எண்ணிட்டு நம் சங்கப் பதிவேட்டில் எழுதிவைத்தால், அவ்வெண் பதிவேட்டிலேயே இருக்குமென்று நம்புகின்றீர்களா? நாலாண்டு கழித்து அவளுக்கு வரன் பார்க்கும்போது அது நடந்துவரும். ஒரே சமூகத்தார் நாம். ஒருவர் செய்தி ஒருவர்க்குத் தெரியாமல் இருப்பதில்லை. சங்கத்தின் வலிமையும் அதுவே. அதனால் வரும் இடரும் அதுவே. மனநல மருத்துவம் பெறுவோரின் செய்திகளை மறைத்துக் காத்தல் அவர்தம் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகின்றது. நாம் மருத்துவமனை நடத்தவில்லை என்பது உண்மையே. எனினும் மருத்துவர்க்கே இல்லாத உரிமையை நம் கமிட்டி எடுத்துக்கொள்வது முறையன்று.

ஆகவே தீர்மானத்திற்கு யாம் திருத்தம் ஒன்று கொணர்கின்றோம். விண்ணப்பத்துடன் வினாத்தாள் வேண்டா. உபகாரச் சம்பளம் இதுகாறும் போல் வறுமையும் கல்வியும் நோக்கியே வழங்கப்பெறுக. விடுதியில் இரவு 10 மணிக்குக் கைப்பேசிகளைக் காப்பாளர் உட்பட அனைவரும் ஒரு பெட்டியில் வைத்துக் காலை 6 மணிக்குப் பெறுக. காப்பாளர் வையாராயின் மாணவரும் வையார் என்பது எம் துணிபு. அவசரத்திற்கு விடுதியின் எண் ஒன்று பெற்றோரிடம் இருக்கட்டும். இரவு ஷிப்டிலிருக்கும் பெற்றோர் இடைவேளையிற் பிள்ளையோடு பேச விரும்பினால் அவ்வெண்ணில் அழைக்கலாம். கவலைக்குரிய மாணவனைக் காப்பாளர் தனியே அழைத்துப் பேசி, 21 நாட் குறிப்பு எழுதச் செய்து, வேண்டின் பெற்றோர் இசைவுடன் மருத்துவரிடம் அனுப்புக. அக்குறிப்பு அம்மாணவனிடமே இருக்கும். சங்கத்திற் படி வைத்தல் கூடாது. மருத்துவம் பெறுகின்றான் என்னுங் காரணத்தால் ஒருவனுக்கும் இடம் மறுத்தலாகாது. செலவு என்னவெனின், ஒரு பூட்டுப் பெட்டியும், மருத்துவமனைக்குப் பஸ் கட்டணமும், மாதம் ஒருமுறை காப்பாளர்க்குப் பயிற்சியளிக்க வரும் மருத்துவர்க்கு மதிப்பூதியமும் ஆகும். வினாத்தாள் அச்சடிக்க ஒதுக்கிய தொகையே இதற்குப் போதும் என்று பொருளாளர் எம்மிடம் கூறினார்.

கல்விக் கமிட்டி அடுத்த மாதம் கூடுகின்றது. திருத்தத்தின் படிகள் வாயிலில் மேசைமேல் வைக்கப்பெற்றுள்ளன. உறுப்பினரும், சிறப்பாகத் தாய்மார்களும், விடுதியில் இப்போதுள்ள மாணவர்களும் அதனைப் படித்து, உடன்பாடாயினும் மறுப்பாயினும், செயலாளர் அவர்கட்கு எழுதியனுப்ப வேண்டுகின்றோம்.